சூடம் அணைத்த கை

குற்றாலத்தில் நான் வேலை பார்க்கும் லாட்ஜில் தனியாக வருகிறவர்களுக்கு அறை கொடுப்பதில்லை. இதை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. கவுண்டரில் புதிதாக உட்காருகிறவர்களுக்கு முதல் நாளே வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். குடும்பமாக வந்தால் உடனே சாவி. நாலைந்து பையன்கள் வேனில் வந்து இறங்கினால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுச் சாவி. ஒற்றை ஆள், கையில் துண்டுகூட இல்லாத சின்னப் பை, அருவியில் தண்ணீரும் இல்லாத மாதம் என்றால், "ரூம் எல்லாம் ஃபுல்லு சார்." எனக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் அதைப் பார்ப்பார். அவர் பார்ப்பதை நான் பார்ப்பேன். பிறகு அவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த லாட்ஜுக்குப் போவார். அங்கேயும் எல்லா அறையும் நிறைந்துதான் இருக்கும்.

"நம்ம ரூம்ல ஒண்ணும் ஆகாம இருந்தாச் சரிம்மா. ஊர் வம்பு நமக்கு என்னத்துக்கு?" என்பார் மேனேஜர் அண்ணாச்சி. வெளியே போய் அந்த ஆள் ஏதாவது செய்துகொண்டால் சரியா என்று ஒருமுறை கேட்டேன். "அச்சானியமாப் பேசாத" என்றார். சாவைப் பற்றிய பேச்சை வாயில் எடுத்தாலே கெட்ட சகுனம், அதை வெட்டிவிட எங்கள் பக்கத்தில் இந்த ஒரு சொல் போதும். அச்சானியம். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

ஆக, அறை கேட்டு வருகிறவரிடம் நாங்கள் எல்லாம் கேட்போம். எந்த ஊர், எத்தனை நாள், ஆதார் கார்டு இருக்கிறதா, சாப்பாடு வெளியிலா இங்கேயா. கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்க மாட்டோம். கேட்காமலே முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்வோம். இத்தனை வருஷத்தில் நானும் முகம் பார்ப்பதில் பெரிய கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன். வீட்டில் ஒரு முகம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அது என் அம்மாவின் முகம்.

அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன் பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான். தென்காசியில் கோயிலுக்குப் பின்பக்கத்துச் சந்தில், வாடகை வீட்டில், நானும் அம்மாவும். அம்மாவிடம் ஒரு வாக்கியம் உண்டு. "நாளைக்கு நான் இருக்க மாட்டேன், பாத்துக்கோ."

அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அண்ணன் சேர்ந்தாற்போல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாவிட்டால் வரும். நான் சிநேகிதி கல்யாணத்துக்குக் கடையநல்லூர் போய் ஒருநாள் தங்கிவிட்டு வருகிறேன் என்றால் வரும். ஒருமுறை சொதிக் குழம்புக்கு முருங்கைக்காய் வாங்க மறந்ததற்கு வந்தது. கத்தமாட்டாள், அழமாட்டாள். நாளைக்குக் குழாயில் தண்ணி வராது, இன்றைக்கே குடத்தில் பிடித்து வை என்று சொல்கிற மாதிரிதான் சொல்வாள். சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். வீடு அடங்கிவிடும். அண்ணன் போன் பண்ணுவான். நான் கடையநல்லூர் போக மாட்டேன். முருங்கைக்காய் வந்துவிடும்.

அதைத் தவிர்த்துப் பார்த்தால் அவளைப் போல ஒரு கலகலப்பான மனுஷி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியின் நடையை அப்படியே நடந்து காட்டுவாள். லாட்ஜில் நான் சேலைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, கலெக்டர் வண்டி இன்னும் வரலையா?" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் மீதியெல்லாம் பொய்யாகிவிடும்.

ஹோட்டல் படிப்பு முடித்த புதிதில் எனக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது. கடலைப் பார்த்த பெரிய ஹோட்டல். வரவேற்பில் நிற்கிற வேலை, தங்க இடம், சாப்பாடு, ஆறு மாதத்தில் நிரந்தரம். நான் மலையாளத்தில் 'நமஸ்காரம்' சொல்லிக் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருந்தேன். அம்மா கதவோரத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள். "போ. நல்லாப் போ. நாளைக்கு நான் இருக்க மாட்டேன், பாத்துக்கோ."

அந்தத் தடவை சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். இலஞ்சியிலிருந்து பெரியம்மா வந்தாள், கீழப்பாவூரிலிருந்து சித்தப்பா வந்தார். முதலில் அம்மாவை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மனசு சரியில்லாதவர்களை அருவித் தண்ணீரில் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்பது ஊர் வழக்கம். அதற்காகவே தூரத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குகிற குடும்பங்கள் உண்டு, பிற்பாடு அவர்களுக்கெல்லாம் நானே சாவி கொடுத்திருக்கிறேன். நல்ல சாரல். அம்மா பெண்கள் பக்கம் நின்று, தலையில் தண்ணீர் மொத்து மொத்தென்று விழ, வெகுநேரம் குளித்தாள். வெளியே வந்து ஈரத் தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றாள். குரங்கு ஒருவர் கையிலிருந்து மங்குஸ்தான் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். "தெளிஞ்சிட்டா" என்றார் சித்தப்பா. வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் என் பெட்டியைப் பார்த்தாள். அதே வாக்கியத்தைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியம்மா சாமி படத்துக்கு முன்னால் தரையைத் துடைத்து, ஒரு கட்டிச் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கடைசித் தீர்ப்பு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. மாற்றினால் குலமே விளங்காது.

சாகப்போகிறேன் என்று சொன்னவள் அம்மா. நியாயமாகப் பார்த்தால் சாக மாட்டேன் என்று அவளிடம் அல்லவா ஒரு சொல் வாங்கியிருக்க வேண்டும்? அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "பெத்தவ உசுர விட ஒனக்கு உத்தியோகம் பெருசாட்டி? அடிச்சுச் சொல்லு, அம்மாவ விட்டுட்டுப் போக மாட்டேன்னு." நான் அடித்தேன். சொன்னேன். சூடம் புகைந்து அணைந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் வீட்டிலோ நடக்கிற விசேஷத்தைப் பார்ப்பதுபோல. சித்தப்பா எல்லோருக்கும் காபி போடச் சொன்னார்.

கொச்சிக்காரர்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். குற்றாலத்தில் லாட்ஜ் வேலையில் சேர்ந்தேன். டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரம்தான், அம்மாவை விட்டுப் போனதாக ஆகாது. உள்ளங்கையில் பட்ட சூடு ஆறுவதற்குள் அம்மா மறுபடியும் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். அது எதற்கு என்றுகூட எனக்கு நினைவில்லை. சத்தியம் பண்ணிவிட்டால் நின்றுவிடும் என்று நம்பியிருந்தவள் நான் ஒருத்திதான் போல.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி. அண்ணன் நடிப்புக் கட்சி. "அம்மா டிராமா போடுதா. கண்டுக்காத, தானா நின்னுரும்" என்பான் பெங்களூரிலிருந்து. கண்டுகொள்ளாமல் இருக்க அவனுக்கு வசதியான தூரம். பெரியம்மா நிஜக் கட்சி. "ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்பாள். நான் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி. பஸ்ஸில் போகும்போது எல்லாம் நாடகம், இனிமேல் மசியக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போவேன். கவுண்டரில் உட்கார்ந்து வீட்டு போனுக்கு அடிப்பேன். மணி போய்க்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டாள். சாவி கேட்டு நிற்கிறவரைக்கூடப் பார்க்காமல் மறுபடியும் மறுபடியும் அடிப்பேன். கடைசியில் எடுப்பாள். "கொல்லையில துணி காயப் போட்டுட்டு இருந்தேன். இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?" என்பாள். நிம்மதி ஒரு நொடி. அதற்கடுத்த நொடி அப்படி ஒரு ஆத்திரம். பெற்ற தாயின் மேல் இப்படியா ஆத்திரம் வரும் என்று அதற்கு ஒரு அழுகை. இதையே திரும்பத் திரும்பச் செய்து எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.

அப்புறம்தான் ஜெனரேட்டர் பழுது பார்க்க ஒருவர் வர ஆரம்பித்தார். சொந்த ஊர் செங்கோட்டை, பட்டறை வைத்திருப்பது புனலூரில். மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. எதற்கெடுத்தாலும் "சாரமில்ல" என்பார், பரவாயில்லை என்பதற்கு மலையாளத்துக்காரர்கள் சொல்வது. மழையில் நனைந்து வந்தால் சாரமில்ல. மேனேஜர் அண்ணாச்சி பணம் கொடுக்க இழுத்தடித்தால் சாரமில்ல. சீசன் முடிந்த ஒரு மத்தியானம், ஜெனரேட்டரில் ஒரு கோளாறும் இல்லாதபோது வந்து, கவுண்டருக்கு முன்னால் நின்று, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார். புனலூரில் வீடு இருக்கிறது, அம்மாவும் கூட வந்து இருக்கலாம் என்றார். எனக்குக் காது வரைக்கும் சூடாகிவிட்டது. அந்த வயதில் அப்படியெல்லாம் ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். கூட வர மாட்டேன் என்றாள், தனியாக இருக்கவும் முடியாது என்றாள். பிறகு அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

மறுநாள் லாட்ஜ் மொட்டைமாடியில், காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஓர் எண்ணுக்குப் போன் செய்தேன். அது எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண். மனம் உடைந்தவர்கள் பேசலாம் என்று அரசாங்கம் வைத்திருக்கிற உதவி எண், எல்லா அறைக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டச் சொல்லி ஸ்டிக்கர் வந்திருந்தது. அத்தனையையும் ஒட்டியவள் நான். எனக்கும் அது உதவும் என்று அன்றுவரை தோன்றவே இல்லை.

மறுமுனையில் ஒரு சின்னப் பெண்ணின் குரல். நான் கேட்டது ஒரே கேள்வி. "எங்கம்மா நெசமாச் சொல்லுதாளா, நடிக்காளான்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"அதை நீங்க கண்டுபிடிக்க வேண்டாம்மா" என்றாள் அவள். "ஒவ்வொரு தடவையும் நிஜம்னே எடுத்துக்கங்க. பக்கத்துல இருங்க, தனியா விடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஆனா அவங்க அப்படிச் சொன்னாங்கங்கிறதுக்காக உங்க முடிவை மாத்தாதீங்க. அவங்களைக் காப்பாத்துறது வேற, அவங்க கேட்டதைக் குடுக்கிறது வேற." போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். "சாகணும்னு தோணுதான்னு அவங்ககிட்ட நேரா கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடாதா என்றேன். வராது, கேட்டால் பாரம்தான் குறையும் என்றாள். விரிப்புகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. அச்சானியம்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் பெரியம்மாவும் சித்தப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வரச்சொல்லியிருப்பாள். இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, பெரியம்மாவால் தரையில் குனிய முடியவில்லை. ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு தட்டில் சூடத்தை எடுத்து வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் அணைக்க மாட்டேன் பெரியம்மா. ஏற்கெனவே ஒண்ணு அணைச்சாச்சு. அம்மாவுக்கு அதுல ஒண்ணும் சரியாகல."

"அப்ப அவ சாகட்டுங்கியா?"

"சாக விட மாட்டேன். லீவு சொல்லிட்டேன், கூடவே இருக்கப் போறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். ஆனா சத்தியம் கித்தியம் எல்லாம் கிடையாது."

ஆஸ்பத்திரி என்றதும் சித்தப்பா எழுந்துவிட்டார். குடும்பத்துப் பொம்பளையைப் பைத்தியம் என்று எழுதிவைக்கப் பார்க்கிறாளா என்றார். அண்ணனை வீடியோவில் கூப்பிட்டார்கள். அவன் தன் கட்சியையே பேசினான். பெரியம்மா அவள் கட்சியைப் பேசினாள். இரண்டு கட்சியும் சேர்ந்து கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தன, தப்பெல்லாம் என்மேல் என்று. எரியாத சூடத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

செய்தி செங்கோட்டை வழியாகப் புனலூருக்கும் போய்விட்டது. சித்தப்பா போன் போட்டு, 'ஒரு உயிர் போனால் நீங்கள்தான் காரணம்' என்று சொல்லியிருக்கிறார். ஜெனரேட்டர்காரர் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, அம்மாவுக்குக் கேட்காத குரலில், "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பழியோட என்னால ஒரு வீட்டுல குடித்தனம் பண்ண முடியாது. ஏற்கெனவே ஒரு சாவு பாத்தவன் நான்" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சரி என்றேன். "சாரமில்ல" என்றார், யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. இப்போது ஜெனரேட்டருக்கு வேறு ஆள் வருகிறார்.

என் முடிவை நான் மாற்றவில்லை. எனக்கு மிச்சம் இருந்த ஒரே பெருமை அதுதான். முடிவு தானாகவே என்னை விட்டுப் போய்விட்டது.

உள்ளே வந்தேன். அம்மா அரிவாள்மணையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாக எதிரில் உட்கார்ந்தேன். அந்தச் சின்னப் பெண் சொன்னதைச் செய்யலாம், அதையாவது செய்யலாம் என்றுதான்.

"யம்மா. ஒனக்கு நெசமாவே சாகணும்னு தோணுதா?"

"அச்சானியமாக் கேக்காத" என்றாள், பழக்கத்தில். நான் எழுந்திருக்கவில்லை. அவள் இன்னும் நாலு காய் நறுக்கினாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஆமா" என்றாள். "தோணிக்கிட்டேதான் இருக்கு."

நடிப்புக் கட்சியில் இருந்த பாதி நானும், நிஜக் கட்சியில் இருந்த பாதி நானும் ஒரே நேரத்தில் தோற்றுப்போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் வெளியே இருக்கட்டுமா என்று கேட்டேன். "அவ இருக்கட்டும். வெளிய போனா அங்கன நின்னு அழுவா" என்றாள் அம்மா. டாக்டரம்மா அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போதிலிருந்து இப்படித் தோன்றுகிறது?

"இவ கைப்பிள்ளையா இருக்கையில இருந்தும்மா. இவளுக்குப் பால் குடுத்துக்கிட்டே அழுவேன். எதுக்குன்னு தெரியாது. சும்மா, நம்ம இல்லாட்டா நல்லாருக்கும்னு இருக்கும்." அதாவது என் வயதுதான் அதற்கும். நானும் அதுவும் அந்த வீட்டில் ஒன்றாகவே வளர்ந்திருக்கிறோம்.

இதை யாரிடமும் சொன்னதில்லையா என்று கேட்டார்.

"சொல்லிக்கிட்டேதான இருக்கேன். சும்மா இருக்கையில இத எப்படிச் சொல்ல? வாய் வராது. சொன்னா என்ன கொற ஒனக்கும்பாங்க. ஒரு சண்டை வந்தா, அதுக்குள்ள வச்சுச் சொல்லிரலாம்."

மகளைப் போகவிடாமல் தடுக்கத்தான் சொன்னீர்களோ என்று டாக்டரம்மா கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். எனக்குத்தான் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மா யோசித்தாள்.

"அதுவும்தான். இவ போயிட்டா என்னைய நானே பாத்துக்கிடணும்லா. பயம். இவளப் பிடிச்சு வைக்கவும்தான் சொன்னேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். நெசமாவும்தான் சொன்னேன்."

"மகள் சத்தியம் பண்ணிக் கொடுத்ததும் சரியாயிடுச்சா?"

"அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன்மா" என்றாள். "அப்படி ஒரு தூக்கம். காலையில முழிச்சுப் பாக்கேன், அது அப்படியே இருக்கு."

அவ்வளவுதான். கடலைப் பார்த்த ஹோட்டல், கண்ணாடி முன்னால் பழகிய நமஸ்காரம், நான் போகாத ஊர்கள், எல்லாம் சேர்த்து என் அம்மாவுக்கு ஓர் இரவுத் தூக்கம். அவளை இத்தனை வருஷம் உயிரோடு பிடித்து வைத்திருந்தது என் சத்தியம்தான் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்திருக்கிறது, அது அந்த நாற்காலியில்தான் எனக்கே தெரிந்தது. அவளைப் பிடித்து வைத்தது எது என்று அவளுக்கும் தெரியவில்லை. நான் கொச்சியில் இருந்திருந்தாலும் அவள் இருந்திருக்கலாம். நான் பக்கத்திலேயே இருந்தும் ஒருநாள் போயிருக்கலாம். வைத்தியம் என்று ஒன்று, பஸ் போகிற தூரத்தில், எப்போதும் இருந்திருக்கிறது.

மாத்திரை கொடுத்தார்கள். அதை என் பொறுப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். குணமாக நாளாகும், இவ்வளவு பழசானது முழுக்கப் போகுமா என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் விடக்கூடாது என்றார் டாக்டரம்மா. பெரியம்மா எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அண்ணன் மருந்தின் பெயரை இன்டர்நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் தேவையா என்று கேட்டான்.

லாட்ஜில் ஒன்றும் மாறவில்லை. தனியாக வருகிறவர்களிடம் நான் இப்போதும் ஃபுல்லு என்றுதான் சொல்கிறேன். ஸ்டிக்கரில் இருக்கிற எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டிப் பார்த்தேன். ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டுக் கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அந்த வாக்கியம் குறைந்திருக்கிறது, நின்றபாடில்லை. வந்தால் நான் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்கிறேன். "சாகணும்னு தோணுதாம்மா?" சில நாள், "இல்லட்டி, ஒம்மேல கோவத்துல சொன்னேன்" என்பாள். சில நாள், "ஆமா" என்பாள். அப்படிச் சொல்கிற நாளில் லீவு சொல்லிவிட்டு அவளோடு இருக்கிறேன், டாக்டரம்மாவுக்குப் போன் செய்கிறேன். மேனேஜர் அண்ணாச்சிக்கு என்மேல் சலிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். கொச்சியும் இல்லை, புனலூரும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு சத்தியமும் இல்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அப்படிக் கேட்டேன். இல்லை என்றாள். எழுந்திருக்கப் போனேன். "இரு" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்டரில் நான் பார்ப்பேனே, அதே பார்வை.

"ஒனக்குத் தோணுதாட்டி?"

என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சாகணும்னு எல்லாம் தோணலம்மா" என்றேன். "ஆனா இருக்கணும்னும் ஒண்ணும் தோணல. நம்ம இல்லாட்டாலும் ஒண்ணும் ஆகப் போறதில்லன்னு இருக்கு."

அம்மா அச்சானியம் என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, சூடம் அணைத்த உள்ளங்கையைத் தன் கட்டைவிரலால் தடவினாள். தழும்பு ஒன்றும் கிடையாது, அது அப்போதே ஆறிவிட்டது.

"எனக்கும் இப்படித்தாம்ட்டி ஆரம்பிச்சுது" என்றாள். "அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்குப் போறப்ப ஒனக்கும் ஒரு சீட்டு போட்டுரு."